காளியாயி மாட்டிய சூட்டு இரும்பு

உடப்புசல்லாவையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போனால் மொட்டைமலைத் தோட்டம். அங்கே பெரிய துரையின் பங்களாவில், சுற்றுவட்டாரத்தில் வேறெந்தப் பங்களாவிலும் இல்லாத ஒன்று இருந்தது. உலகச் சண்டைக்கு முந்திய காலத்துத் துரை ஒருவர், கணப்பு எரித்தால் முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது என்று சொல்லி, சீமையிலிருந்து கப்பலில் இரும்புச் சாமான்களை வரவழைத்து, அறைக்கு ஒன்றாகச் சுவரோரம் பொருத்திவிட்டுப் போயிருந்தார். பின்கட்டுக் கொட்டகையில் ஒரு பாய்லர். அதில் விறகைப் போட்டு எரித்தால் வெந்நீர் குழாய் வழியே ஓடி, ஒவ்வோர் அறை இரும்புக்குள்ளும் புகுந்து, அதைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய் மறுபடியும் பாய்லருக்கே வந்து சேரும். பங்களாவில் அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். கூலிக்காரர் குடியிருந்த லயத்துச் சனங்கள் சூட்டு இரும்பு என்றார்கள்.

அந்தப் பாய்லருக்கு விறகு போடுகிற ஆள் பொன்னையா. அவன் பெண்சாதி காளியாயி. டயகமப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். நல்ல உடம்புவாகு, அகலமான தோள், கொழுந்து எடுக்கிறதில் வேகமான கை. பேச்சு மட்டும் கொஞ்சம். மலையில் பெண்டுகள் நிரைக்கு நிரை கத்திப் பேசிக்கொண்டு போகும்போது அவள் ஒரு நிரை முன்னால் போய்க்கொண்டிருப்பாள். எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கொடுக்காவிட்டால் கொடுக்காதவர் முகத்தை மனசில் வைத்துக்கொள்வாள்.

பொன்னையாவுக்குப் பாய்லர் வேலை என்பது சின்ன வேலை இல்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டியதில்லை. மழையில் நனைய வேண்டியதில்லை. லயத்தில் மற்ற ஆண்களெல்லாம் அட்டைக் கடியோடு காலைச் சொறிந்துகொண்டு வரும்போது அவன் உலர்ந்த துணியோடு வருவான். அதற்காகவே அவனிடம் நாலுபேர் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதை அவனுக்குச் சோற்றைவிடத் தேவையாக இருந்தது. காளியாயிக்கு அது தெரியும். தெரிந்துதான் அவனோடு குடித்தனம் பண்ணினாள்.

வருசத்துக்கு ஒரு தடவை, குளிர்காலம் பிறக்குமுன், இரும்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே தேங்கிய கறுப்புச் சகதியைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. இரும்பின் இரண்டு பக்கமும் வால்வுகள் இருக்கும். அவற்றை மூடிவிட்டு, குழாயும் இரும்பும் சேருகிற இடத்து நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு ஸ்பேனரால் வால்வை அசையாமல் பிடித்தால்தான் இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருக முடியும். பிடிக்காமல் திருகினால் வால்வும் சேர்ந்து சுற்றி, கீழே தரைப் பலகைக்கு அடியில் குழாய் முறுக்கிக்கொள்ளும். பங்களாப் பையன்கள் வெள்ளை உடுப்பில் கறை படும் என்று கிட்டே வரமாட்டார்கள். அதனால் பொன்னையா ஞாயிற்றுக்கிழமைகளில் காளியாயியைக் கூட்டிப் போவான். பிடிக்கிற வேலை, ஏந்துகிற வேலை, சகதியைக் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை எல்லாம் அவளுக்கு. அதற்கு நாள் சம்பளக் கணக்கில் பேர் போடமாட்டார்கள். அவளும் கேட்டதில்லை. கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது.

ஐம்பத்தேழாம் வருசம் தை மாதம். பனி விழுந்து பள்ளத்துத் தேயிலையெல்லாம் நெருப்பில் வாட்டினதுபோலக் கருகிக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சாப்பாட்டு அறையில் இருந்த இரும்பு அடியில் துருவேறி ஒழுக ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் துரையின் மனைவி துரைசாணிக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது.

பொன்னையா பங்களா அப்புவிடம் சொன்னான். அப்பு என்றால் சமையலறைக்குப் பெரிய ஆள். சின்னராசா என்று பெயர். துரையிடமும் துரைசாணியிடமும் எதைச் சொல்வதானாலும் அவர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும்.

"நெருப்ப அணைச்சு, தண்ணி ஆறுன பெறகுதாங்க கழட்டணும். அதுவரைக்கும் ஒழுகுறத அடியில ஒரு பேசினை வச்சு ஏந்திக்கிடலாம்."

சின்னராசா உள்ளே போய்விட்டு வந்தார். "நெருப்ப அணைச்சா மத்த ரூம்பெல்லாம் குளுந்துரும்னு தொரசாணி சொல்றாங்க. விருந்துக்காரங்க முன்னால பேசினு வைக்கக் கூடாதாம். வால்வ மூடிட்டுக் கழட்டிக் கொண்டுபோயிடு."

வால்வை மூடினான். மூடிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. உள்ளே துரு அடைத்துப் பாதி திறந்தே கிடந்தது அவனுக்குத் தெரியவில்லை. காளியாயி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பிடிக்க ஆளில்லாமல், ஒரு ஸ்பேனரை முழங்காலால் அழுத்திக்கொண்டு நட்டைத் திருகினான். நட்டு விடுபட்டதும் கொதிக்கிற தண்ணீர் பீச்சி அடித்து அவன் வலது கையை மணிக்கட்டுவரை வேகவைத்துவிட்டது.

காளியாயிக்குச் சேதி மலைக்கு வந்தது. கூடையைக் கொட்டாமலே ஓடினாள். அவள் போவதற்குள் அவனைத் தோட்டத்து லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் யாரோ நட்டை மறுபடி இறுக்கிவிட்டிருக்க, ஒரு பையன் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தான். விருந்து நடந்தது.

பொன்னையா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அந்தக் கையின் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருந்தன. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. பீடியை அந்த இடுக்கில் வைத்துக்கொள்ளப் பழகினான். வேறெதற்கும் அந்தக் கை உதவவில்லை.

பாய்லருக்கு இப்போது சின்னராசா அப்புவின் மச்சான் விறகு போட்டுக்கொண்டிருந்தான். புது ரேடியேட்டர் கொழும்பிலிருந்து ரயிலில் நானுஓயாவுக்கு வந்து, அங்கிருந்து லொறியில் பங்களாவுக்கு வந்து, பின் விறாந்தையில் பெட்டியோடு கிடந்தது. அதைப் பொருத்தக் கொழும்பிலிருந்து ஆள் வரப்போகிறதென்றும், வருகிறவனையே பாய்லருக்கும் வைத்துக்கொள்ளத் துரைக்கு யோசனை இருக்கிறதென்றும் பேச்சு அடிபட்டது.

பொன்னையா லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பிராவுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய்லர் போனால் மலைதான். அந்தக் கையோடு மலையில் எந்தக் கங்காணியும் முழுப் பேர் போடமாட்டான். அரைப் பேர் ஆள் என்று ஆகிவிட்டால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். போவதற்கு எங்கே ஊர்? தோட்டத்துச் சனத்துக்கு ஓட்டும் இல்லை, இந்த நாட்டுக் குடியென்ற பேச்சும் இல்லை என்று சுதந்திரம் வந்த கையோடு சர்க்கார் ஆக்கிவிட்டிருந்தது. இந்தியாவில் அவன் அப்பன் பிறந்த ஊரின் பெயர்கூட அவனுக்குச் சரியாக வாயில் வரவில்லை.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காளியாயி அடுப்புக்கு முன்னால் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பெட்டிய நாம மாட்டிருவோம்."

"எந்தக் கைய வச்சு மாட்டுறது?"

"என் கைய வச்சு. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிற்காலத்தில் அவனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தப் பார்வையும் கூடவே வந்து நின்று, அவனை முழுசாக வெறுக்கவிடாமல் பண்ணியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரையும் துரைசாணியும் காலையிலேயே நுவரெலியாவுக்குப் போய்விட்டார்கள். பொன்னையா அப்புவிடம் போய், தான் மாட்டித் தருவதாகவும், சரியாக வராவிட்டால் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டேன் என்றும் சொன்னான். சின்னராசாவுக்கு அதில் ஒன்றும் நட்டமில்லை. கெட்டுப்போனால் பொன்னையா தொலைந்தான், மச்சானுக்கு வேலை நிலைத்தது. "செய்" என்றுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

துரை வெளியே போகிற நாளென்று நெருப்பை முந்தின நாள் இரவே அணைத்திருந்தார்கள். தண்ணீர் பச்சைத் தண்ணீராகிக் கிடந்தது. காளியாயி தரை விரிப்பைச் சுருட்டித் தள்ளி, சாக்குகளைப் பரப்பி, பேசினை அடியில் தள்ளினாள். கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வால்வை மூடினாள். மற்றதையும் மூடினாள். பிறகு இரண்டு கையிலும் இரண்டு ஸ்பேனரை எடுத்தாள். இத்தனை வருசமாகப் பிடிக்கிற ஸ்பேனரை மட்டுமே தொட்டவள். இன்று பிடிக்கிறதும் அவள்தான், திருகுகிறதும் அவள்தான்.

நட்டு அசையவில்லை.

"சுத்தியல எடுத்து ஒரு போடு போடு" என்றான் பொன்னையா.

"போட்டா ஒடஞ்சுரும். மண்ணெண்ணெய ஊத்திப் பாப்போம்."

ஊற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். அவன் அந்தத் துருப்பிடித்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தான். கை வெந்த நாளை நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள். அவன் தள்ளி நின்றான். மறுபடி திருகினாள். நட்டு நெரிந்த சத்தம் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொடுத்தது. கறுப்புத் தண்ணீர் பேசினில் விழுந்தது. பேசின் நிரம்ப நிரம்ப எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டினாள். வால்வு அரைகுறையாக மூடியதால் தண்ணீர் நிற்காமல் வந்தது. பாய்லர் கொட்டகையில் அடிக் குழாயைத் திறந்துவிட்டு, குழாய்களுக்குத் தண்ணீர் விடுகிற மேல்தொட்டி முழுவதும் வடிகிறவரை காத்திருந்தார்கள். அந்த யோசனை பொன்னையாவுடையது. அவனுக்குத் தெரிந்ததும் ஏராளம் இருந்தது. கைதான் இல்லை.

பழைய இரும்பு வார்ப்பு இரும்பு, பிணக்கனம். சுவர்க் கொக்கியிலிருந்து நெம்பி இறக்கி, சாக்கின்மேல் சாய்த்து, இழுத்துக்கொண்டே பின்விறாந்தைக்குப் போனாள். வால்வுக்குள் அடைத்திருந்த துருவைக் கம்பியால் குத்தி எடுத்தாள். குழாயின் திருகுப் புரியெல்லாம் தேய்த்துத் துடைத்து, சணல் நாரைச் சுற்றி, வெள்ளைப் பசையைத் தடவினாள். நாரை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அவன் சொன்னான். அவள் சுற்றினாள்.

புதியது தகட்டு இரும்பு, அத்தனை கனமில்லை. ஆனாலும் தூக்கிக் கொக்கியில் மாட்ட இரண்டு ஆண்கள் வேண்டும். இருந்தது ஒரு பெண்ணும் ஒற்றைக் கையும். காளியாயி கூடைக் கயிற்றை அவிழ்த்து எடுத்து வந்தாள். இரும்பை நிமிர்த்தி வைத்து, கயிற்றைப் போட்டு, கொழுந்துக் கூடையை ஏற்றுவதுபோலக் கயிற்றைத் தலையில் மாட்டி, குந்திய நிலையிலிருந்து எழுந்தாள். முதுகில் இரும்பு. அப்படியே பின்னுக்கு நடந்து சுவரோரம் போனாள். பொன்னையா இடதுகையால் இரும்பைத் தொட்டுத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் எறக்கு, கொஞ்சம் அங்கிட்டு, இப்ப விடு" என்றான். கொக்கி கவ்விக்கொண்டது. அவள் கழுத்து நரம்பு அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் குளிர்காலம் வந்தாலே அவள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நடப்பாள்.

நட்டுகளை இறுக்கித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வால்வை மெல்லத் திறந்து, மேலே இருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்திக் காற்றை விட்டார்கள். உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் தண்ணீர் துளித்தது. திருகாணியை மூடினாள். பொன்னையா போய்ப் பாய்லரை மூட்டினான்.

காளியாயி அந்த இரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் அது கல் மாதிரி இருந்தது. பிறகு ஒரு மூலையில் மட்டும் லேசாக உயிர் வந்ததுபோல இருந்தது. அந்தச் சூடு ஊர்ந்து ஊர்ந்து மறுமூலைக்குப் போனது. எங்கும் ஒரு பொட்டு ஒழுகவில்லை. அவள் வாழ்நாளில் செய்த வேலை எதுவும் நின்று பார்க்கும்படி இருந்ததில்லை. கொழுந்து எடுத்தால் கூடையோடு போய்விடும். சமைத்தால் தின்று தீர்ந்துவிடும். இது இருக்கிறது, சுவரில் மாட்டிக்கொண்டு, சூடாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆளில்லாத அந்தச் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

துரை சாயங்காலம் வந்தார். நேரே வந்து இரும்பைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து நட்டுகளைப் பார்த்தார். தோட்டத் தமிழில் கேட்டார்.

"யார் செஞ்சது?"

பொன்னையா தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"நாந்தாங்க தொரைங்களே."

துரை அவன் கையைப் பார்த்தார். "ஒத்தக் கையிலயா?"

"ஆமாங்க தொரைங்களே. பொம்பளை தண்ணி எடுத்து ஊத்துனா."

காளியாயி அடுக்களைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சேலையெல்லாம் கறுப்புச் சகதி. கையில் நட்டு கிழித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. துரை அவள் பக்கம் திரும்பவில்லை. பொன்னையாவின் தோளில் தட்டினார். நாளையிலிருந்து பாய்லருக்கு வா என்றார். உள்ளே போய்த் தன்னுடைய பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

லயத்துக்கு இறங்குகிற பாதையில் அவன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். அவள் மனசுக்குள் அவனுக்காக வாதாடிக்கொண்டே நடந்தாள். துரைக்கு முன்னால் வேறென்ன சொல்வான்? பொம்பளை செய்தாள் என்றால் வேலை யாருக்குக் கொடுப்பார்கள்? சொன்னது சரிதான். வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தை சொல்வான். அதுபோதும்.

வீட்டுக்குப் போனதும் அவன் கோட்டைப் போட்டுப் பார்த்தான். "கை நீளமா இருக்கு, கொஞ்சம் மடிச்சுத் தைச்சுக் குடு" என்றான்.

அன்றைக்கே லயத்துச் சனம் கூடிவிட்டது. பொன்னையா வாசலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். முதல் தடவை சொல்லும்போது, காளியாயி ஸ்பேனரைப் பிடித்தாள் என்று வந்தது. மறுநாள் கங்காணி இராமையா விசாரித்தபோது அவள் தண்ணீர் மட்டும் சுமந்தாள். தீபாவளிக்கு முன்பே கதையில் அவள் இல்லை. ஒற்றைக் கையால், பல்லால் கயிற்றைக் கடித்துக்கொண்டு, இரும்பை முதுகில் தூக்கி மாட்டினான் என்று ஆகிவிட்டது. அந்தக் கயிறு மட்டும் மாறாமல் இருந்ததுதான் அவளைச் சுட்டது. அவள் கூடைக் கயிற்றை எடுத்து அவன் வாயில் கொடுத்திருந்தார்கள். மலையில் பெண்டுகள்கூட, "ஒம் புருசன் மாதிரி ஆம்பளை கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள்.

ஒரே ஒரு தடவை அவள் வாய் திறந்தாள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பிரா வீரம்மாவிடம், "அது நான் மாட்டுனது" என்றாள். வீரம்மா விளையாட்டுப் பேச்சென்று நினைத்துச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் அது பொன்னையாவின் காதுக்கும் போய்விட்டது. அவன் நாலுபேர் கேட்க, "மலையில கொழுந்து புடுங்குறவளுக்கு நட்டு எது போல்ட்டு எதுன்னு தெரியுமாப்பா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுடைய மகள் மீனம்மா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரவுச் சோற்றைப் போட்டுக்கொண்டே காளியாயி சொன்னாள். "வெளியில என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. எங்கிட்ட மட்டும் ஒரு தடவ சொல்லுங்க, நீதான் மாட்டுனேன்னு."

பொன்னையா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். "இப்ப அதுக்கு என்ன?" என்றான். அவனுக்குச் சொல்ல மனசில்லாமல் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளாகிவிடுவோம் என்று பயந்தான். அவ்வளவு காலம் சொல்லிச் சொல்லி, அவனே அதை நம்பவும் ஆரம்பித்திருந்தான்.

அந்த வருசம் இரும்புகளைக் கழற்றிச் சுத்தம் பண்ண அவளை அவன் கூப்பிடவில்லை. ஒற்றைக் கையாலேயே செய்கிறவன் என்று பெயரெடுத்துவிட்டு பெண்சாதியைத் துணைக்குக் கூட்டிப்போக வெட்கப்பட்டான். சுத்தம் பண்ணியதாக அப்புவிடம் சொல்லிவிட்டு, அடியில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டான். அடுத்தடுத்த வருசங்களிலும் அப்படித்தான். இரும்புக்குள் சகதி கட்டிக்கொண்டே வந்தது.

அறுபதாம் வருசக் கடைசியில் பெரிய ஹாலில் இருந்த இரும்பு ஒழுக ஆரம்பித்தது. புதியது வந்து இறங்கியது. துரை பொன்னையாவைக் கூப்பிட்டு, போன தடவை மாதிரிச் செய்துவிடு என்றார்.

பொன்னையா அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். காளியாயி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம பங்களாவுக்கு வா" என்றான்.

"எதுக்கு?"

"ஹால்ல ஒண்ணு மாத்தணும்."

"தண்ணி எடுத்து ஊத்துறதுக்குப் பங்களாவுல ஆளா இல்ல?"

அவன் முகம் சுருங்கியது. "வெளையாடாத புள்ள. ஒனக்குத் தெரியாததா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் கொழுந்து புடுங்குறவ."

அவள் அடுப்பை ஊதினாள். ஊதும்போதே அவள் காது அவன் பக்கம்தான் இருந்தது. நீதான் மாட்டினாய் என்று சொல்ல வேண்டாம். நீ வந்தால்தான் ஆகும் என்றாவது சொன்னால், எழுந்து போயிருப்பாள். கழுத்து வலியோடு போயிருப்பாள்.

"பொம்பளகிட்டக் கெஞ்சிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றான். ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளியாயி, எடுத்த கொழுந்துக்கு அன்றன்றே காசு தருகிற கைக்காசுக் கொழுந்துக்குப் போனாள். பங்களாவுக்கு நேர் எதிர் மலை. காலையெல்லாம் பாய்லர் புகைக்குழாயில் புகை இல்லை. இப்போது வால்வை மூடியிருப்பான். இப்போது நட்டுக்கு வந்திருப்பான். யார் பிடிக்கிறார்களோ என்று நினைத்தாள். நினைக்கக்கூடாது என்று கையை வேகமாக ஓட்டினாள். நண்பகலுக்கு அப்புறம் புகை எழும்பியது. செய்துவிட்டான் என்று தெரிந்தது. அவளுக்கு அதில் சந்தோசமா, வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே புரியவில்லை. நான் இல்லாமலும் ஆகிற வேலைதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கொழுந்து நிறுவைக்குப் போனாள்.

ஆகவில்லை. அப்புவின் மச்சானைத்தான் பிடிக்க நிறுத்தியிருந்தான். அவன் ஸ்பேனரை ஒப்புக்குப் பிடித்தான். பொன்னையா இடதுகையால் முழு உடம்பையும் கொடுத்துத் திருகியபோது வால்வும் கூடவே சுற்றி, தரைப் பலகைக்கு அடியில் குழாய் முறுக்கி விரிசல் விட்டுவிட்டது. மேலே ஒன்றும் தெரியவில்லை. மாட்டி முடித்து, நெருப்பு மூட்டி, ஹாலும் சூடாகிவிட்டது. தண்ணீர் மட்டும் யார் கண்ணிலும் படாமல் பலகைக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் ஹால் தரை ஊறி உப்பி, துரைசாணியின் பியானோ ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. மேல்தொட்டி வறண்டு, தண்ணீரில்லாத பாய்லர் வெறும் நெருப்பில் காய்ந்து, பெரிய சத்தத்தோடு விரிசல் விட்டது.

துரை ஏசக்கூட இல்லை என்று சொன்னார்கள். பொன்னையாவின் மடங்கிய கையைப் பார்த்துவிட்டு, தன் கையை ஆட்டிப் போ என்றாராம். பாய்லரை அப்புறம் யாரும் சரிபண்ணவில்லை. பழையபடி கணப்பில் விறகு எரிக்க ஆரம்பித்தார்கள்.

பொன்னையா மலைக்கு வந்தான், புல்வெட்டுக்கு, அரைப் பேருக்கு. பங்களா ஆட்கள் இருக்கிற மேல் லயத்திலிருந்து அவர்களைக் கீழ்க்கணக்கு என்கிற தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்துக்கு மாற்றினார்கள். அந்த லயத்தில் காற்று நேரே வந்து அடிக்கும், தகரம் ஒழுகும், சுவரில் எப்போதும் ஈரம். ஒன்றரைச் சம்பளத்தில் மூன்று வயிறு ஆகவில்லை என்று மீனம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழுந்துக்கு அனுப்பினார்கள். முதல்நாள் காளியாயிதான் அவளுக்குத் தலைக்கயிற்றைக் கட்டிவிட்டாள்.

பொன்னையா அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. கேட்கிறவர்களிடம் மட்டும் ஒரே மாதிரிச் சொன்னான். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து தண்ணி எடுத்து ஊத்துடீன்னு கூப்புட்டேன். வரமாட்டேனுட்டா." சனங்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். புருசன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று பெயராகிவிட்டது. சண்டையில் பெண்டுகள் அதை எடுத்து வீசுவார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எந்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வது? ஆரம்பித்தாலும் முதல் வார்த்தைக்கே சிரிப்பார்கள்.

கீழ்க்கணக்கு ஈரத்தில் பொன்னையாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டிஸ்பென்சரி மருந்துக்கு அது இளகவில்லை. கிடையாகக் கிடந்த மாசங்களில் காளியாயிதான் தூக்கி உட்காரவைத்தாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். ஒருநாள் அவள் கையைத் தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் குனிந்தாள்.

"குளிருது" என்றான்.

அவள் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டாள். அறுபத்து மூன்றில், ஆடிமாசக் காற்றில் செத்துப்போனான். தப்பு மேளக்காரர்கள் வந்தார்கள். பங்களாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒற்றைக் கையால் இரும்பைத் தூக்கி மாட்டின மனுசன் என்று எழவு வீட்டில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்கள். கங்காணி இராமையா பல்லால் கயிற்றைக் கடித்த இடத்தை நடித்தே காட்டினார். காளியாயி தலைவிரிகோலமாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்து சனமெல்லாம் போனபிறகு தாயும் மகளும் தனித்திருந்தார்கள். மீனம்மாவுக்கு அப்போது கலியாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அன்னைக்கு நீ போயிருக்கலாம்மா. போயிருந்தா அப்பா அங்கயே இருந்திருக்கும். நானும் இன்னும் ரெண்டு வகுப்புப் படிச்சிருப்பேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. அழுகையாகவும் சொல்லவில்லை. ரொம்ப நாளாக மனசில் கிடந்ததை எடுத்து வைத்ததுபோலத்தான் சொன்னாள். காளியாயி மகளைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் இப்போது சொன்னால் இவள் நம்புவாளா என்று பார்த்தாள். நம்பினால் செத்துப்போன அப்பனை இழந்துவிடுவாள். நம்பாவிட்டால் இருக்கிற தாயை இழந்துவிடுவாள்.

"போயிருக்கலாந்தான்" என்றாள் காளியாயி. கழுவிய பாத்திரங்களை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.